ஆறடிக்காரர்களே, முதலில் அந்த நாலு போல்ட்டைப் பாருங்கள்

ஆறடியைத் தொட்டும் தாண்டியும் வளர்ந்துவிட்ட பைக் ஓட்டிகளுக்கு,



எந்தச் சிக்னலிலும் உங்களை அடையாளம் கண்டுவிடலாம். சிவப்பு விழுந்ததும் நூறு சி.சி. வண்டி ஒன்று வந்து நிற்கும். அதன் மேல் இருப்பவரின் முழங்கால் இரண்டும் டேங்குக்கு வெளியே விரிந்து முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வண்டி நின்றதும் அவர் செய்கிற முதல் வேலை, இடது கையை எடுத்து உதறுவது. பிறகு இடுப்பில் கை வைத்து முதுகை வளைத்து ஒரு நெட்டி. பச்சை விழுந்ததும் மறுபடி கூன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, கல்லூரியில் லைட் போஸ்ட், ஆம்னி பஸ்ஸில் முட்டி இடிக்கிற பயணம் எல்லாம் எனக்கும் உண்டு.

நம் முதுகு வலிக்கு ஊரே சேர்ந்து ஒரு மருந்து வைத்திருக்கிறது: "உன் ஹைட்டுக்கு புல்லட்தான் மச்சி, எடுத்துடு." வசதி இருந்தால் எடுங்கள், தடுக்கவில்லை. கணக்கை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் சீட் தரையிலிருந்து 785 மி.மீ. உயரம். இப்போது வரும் புல்லட் 350-இன் சீட் 805. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். எடையில்தான் பெரிய வித்தியாசம்: அது 112 கிலோ, இது 195. ஆக, புல்லட்டில் நெட்டையர்கள் சௌகரியமாகத் தெரிகிறார்கள் என்றால் அதற்குச் சீட் உயரம் காரணமாக இருக்க முடியாது. உட்காரும் இடம், கால் வைக்கும் இடம், கை பிடிக்கும் இடம் மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் ராயல் என்ஃபீல்டின் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள். இன்டர்செப்டர் 650-உம் கான்டினென்டல் ஜிடி 650-உம் 2018-இல் ஒன்றாகவே வந்தன. இரண்டிலும் அதே 648 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்ஜின். இன்டர்செப்டரில் அகலமாக எழும்பி வரும் ஹேண்டில்பார். ஜிடியில் தாழ்ந்த கிளிப்-ஆன் பார், ஃபுட்ரெஸ்ட்டும் பின்னால் தள்ளி. முதல் வண்டியில் நாள் முழுக்கப் போகிறவர் இரண்டாவதில் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கையும் காலும் சில அங்குலம் இடம் மாறியதற்கே இந்த வித்தியாசம்.

அந்தச் சில அங்குலத்தில் ஒரு பகுதியை உங்கள் பழைய வண்டியிலேயே, காசில்லாமல், கால் மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் இந்த மடல். சாதாரணக் குழாய் ஹேண்டில்பார் உள்ள எந்த வண்டியிலும் அந்தப் பாரைப் பிடித்திருப்பது ஃபோர்க்கின் மேல்தட்டில், மெக்கானிக்குகள் 'டி' என்று சொல்லும் இடத்தில், இருக்கிற கிளாம்ப்பும் நாலு போல்ட்டும்தான். தொழிற்சாலையில் ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து அதை முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நம் நாட்டில் அந்தச் சராசரி ஆளின் உயரம் ஏறக்குறைய ஐந்தரை அடி. உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் உயரம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆறடி ஒரு அங்குலம் உள்ள இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் ஒருவர் தலை மற்றவர் தலைக்கு மேல் நாலு விரற்கடை உயர்ந்து நிற்கும். அவருக்கு உயரம் முதுகில். இன்னொருவருக்குக் காலில். இருவரும் ஒரே வண்டியை ஓட்டி, ஒரே மாதிரி "முதுகு வலிக்குது" என்று சொல்வார்கள். இருவருக்கும் வைத்தியம் வேறு.

முதுகு நீளமானவருக்குத் தோள் உயரத்தில் இருக்கிறது, கைப்பிடி கீழே கிடக்கிறது. அதை எட்ட அவர் இடுப்பிலிருந்து சாய்ந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் மேல்முதுகை உருட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நிமிர்த்திச் சாலையைப் பார்ப்பார். மாலையில் பிடரி வலிக்கும். இவருக்குப் பார் மேலே வர வேண்டும்.

கால் நீளமானவரின் கதை கொஞ்சம் சுற்றுவழி. ஃபுட்ரெஸ்ட்டுக்கும் சீட்டுக்கும் இடையே அவர் கால் மடங்க இடம் போதாது. அதனால் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து பில்லியன் சீட்டில் பாதியைப் பிடித்துக்கொள்வார். நகர்ந்ததும் கைப்பிடி தூரமாகிவிடும். முழங்கை கம்பி மாதிரி நீளும். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு அடியும் நேரே தோளுக்கு ஏறும். வலிப்பது தோளில், கோளாறு முட்டியில். இவர் பாரை உயர்த்தும் ரைசர் வாங்கிப் போட்டுவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லையே" என்று வந்து நிற்பார். இருக்காதுதான். சீட் கடையில் கொடுத்து ஃபோமை ஒரு அங்குலம் ஏற்றுவதோ, ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்த வழியிருந்தால் தாழ்த்துவதோதான் இவருக்கு முதல் வைத்தியம். சீட் ஏறினால் அதே கணக்கில் கைப்பிடி தாழ்ந்தது போலாகும் என்பதால் அதற்குப் பிறகுதான் பாருக்கு வர வேண்டும்.

மூன்றாவது ரகம், கை மட்டும் நீண்டவர். முழங்கை விலாவுக்குப் பின்னால் போய்த் தொங்கும். யூ-டர்ன் எடுக்கும்போது கைப்பிடி முட்டியில் இடிக்கும். இவருக்குப் பார் முன்னால் தள்ளிப் போக வேண்டும்.

நீங்கள் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். ஹெல்மெட், வழக்கமாகப் போடும் ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி உட்காருங்கள். கண்ணை மூடுங்கள். கையைத் தோள் உயரத்துக்கு முன்னே நீட்டி, முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியைத் தேடாமல் அது தானாக எங்கே இறங்க ஆசைப்படுகிறதோ அங்கே இறக்குங்கள். கண்ணைத் திறந்தால் கைக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி தெரியும். மேலேயா, முன்னாலா, எவ்வளவு என்று அங்கேயே சொல்லிவிடலாம். பக்கவாட்டிலிருந்து யாரையாவது போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தன் கூனை அந்தக் கோணத்தில் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்துக்கொடுத்த ஆட்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்ததும் "இது நானா?" என்றுதான் கேட்டார்கள்.

இனி போல்ட். டேங்க் மேல் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் பெயிண்ட் பிழைக்கும். பாரும் கிளாம்ப்பும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அது வேண்டும். பல வண்டிகளில் பாரிலேயே சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருப்பார்கள். கிளாம்ப்பின் விளிம்போடு அது நேராக இருந்தால் அதுதான் தொழிற்சாலை வைத்த நிலை. நாலு போல்ட்டையும் கழற்ற வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால் பார் முதலில் அசையாது. பிடிப்புக்காக அங்கே சொரசொரப்பாகக் கீறியிருப்பார்கள். பிறகு 'நறுக்'கென்று ஒரு சத்தத்தோடு இளகும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வண்டி உடைந்துவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

கைப்பிடி, கிளாம்ப்புக்கு மேலேயும் பின்னாலும் இருக்கிறது. அதனால் பாரை முன்னால் உருட்டினால் கைப்பிடி மேலே ஏறி முன்னால் போகும். பின்னால் உருட்டினால் தாழ்ந்து உங்களை நோக்கி வரும். கிளாம்ப்பிலிருந்து கைப்பிடி 150 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால் 5 டிகிரி திருப்புவதற்கே ஏறக்குறைய 13 மி.மீ. நகர்ந்துவிடும். கேட்க அற்பமாகத் தெரியும். உட்கார்ந்து பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். ஒரு தடவைக்கு அந்த அளவுக்கு மேல் போகாதீர்கள். அதிகம் உருட்டினால் கைப்பிடியின் நுனி கோணலாகி, உள்ளங்கையின் ஒரு ஓரம் மட்டும் பாரம் தாங்கும். அது வேறு ஒரு வலிக்கு அச்சாரம்.

முடுக்கும்போது கவனம். சில கிளாம்ப்களில் முன்பக்கம் என்று காட்ட ஒரு அம்புக்குறியோ புள்ளியோ இருக்கும். அவற்றில் முன் போல்ட் இரண்டையும் இடைவெளியில்லாமல் முடுக்கிவிட்டு அப்புறம் பின் போல்ட். பின்னால் மட்டும் சின்ன இடைவெளி நிற்கும், நிற்க வேண்டும். வேறு சில வண்டிகளில் இரு பக்கமும் சமமாக இடைவெளி விட வேண்டும். உங்கள் வண்டி எந்தக் கட்சி என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, முடுக்கும் அளவும் அதிலேயே இருக்கும். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கடைசி முடுக்கை விட்டுவிடுங்கள். பல வண்டிகளில் கீழே இருப்பது அலுமினியம். நீளமான ஸ்பேனரைப் போட்டு வீரத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும். வண்டிக்குத்தான் சொல்கிறேன்.

பார் திரும்பியதும் லீவர்களும் கூடவே திரும்பியிருக்கும். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இயல்பாக உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் போய் லீவரில் விழ வேண்டும். பிரேக் பிடிக்க மணிக்கட்டை மேல்நோக்கி உடைக்க வேண்டியிருந்தால் லீவரை இன்னும் கீழே இறக்குங்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் ஆயில் டப்பாவும் லீவரோடு சேர்ந்து சாயும் என்பதால் அது கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் பெட்டி திரும்ப மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள். பல வண்டிகளில் அதற்குள் ஒரு சின்ன முளை இருக்கும், பாரில் போட்ட துளையில் அது உட்கார்ந்திருக்கும்.

அடுத்துச் சொல்லப்போவது சௌகரியத்தைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பாரை நகர்த்தினால் அதிலிருந்து கிளம்பும் எல்லாமே நகரும்: ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், வயர் கற்றை. எல்லாவற்றுக்கும் தொழிற்சாலை ஒரு நீளம் அளந்து கொடுத்திருக்கிறது. இன்ஜினை நிறுத்திய நிலையில் பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எதுவும் இழுபடக் கூடாது, ஃபோர்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் எதுவும் நசுங்கக் கூடாது. கட்டை விரலுக்கும் டேங்குக்கும் நடுவே இடம் இருக்கிறதா? ஹாரன் அமுக்க முடிகிறதா? பாரைப் பின்னால் உருட்டியவர்களுக்கு டேங்க் இடிக்கும். முன்னால் உருட்டியவர்களுக்கு ஹெட்லைட் வைசரோ கண்ணாடியோ இடிக்கும்.

பிறகு வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விட்டு, அதே போல இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமாவது திருப்பும்போது இன்ஜின் சத்தம் துளி ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் அது வெறும் சத்தம்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில், இறக்கத்தில், பாரைக் கோடி வரை ஒடித்த நேரத்தில் வண்டி தானாக ரேஸ் ஆனால் என்ன நடக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. சத்தம் ஏறினால் பாரைப் பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள், அல்லது கேபிள் போகும் வழியை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். கிளட்ச் லீவரின் பிளேயையும் இரு கோடியிலும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொங்கினால் அதுவும் அதே நோய்தான்.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஓட்டிய பிறகும் போதவில்லை என்றால் மட்டும் ரைசரைப் பற்றிப் பேசலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கேட்டால் கைக்கு ஒன்று எடுத்து நீட்டுவார்கள். 'டி'க்கும் பாருக்கும் நடுவே வைக்கிற முட்டுக்கட்டைதான் அது. வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். ஃபோர்க் நேர்க்குத்தாக நிற்பதில்லை, ஏறக்குறைய 25 டிகிரி பின்னால் சாய்ந்து நிற்கிறது. ரைசரும் அந்தச் சாய்விலேயே பாரைத் தூக்கும். 30 மி.மீ. ரைசர் போட்டால் கைப்பிடி 27 மி.மீ. மேலே போகும், கூடவே 12, 13 மி.மீ. உங்களை நோக்கி வரும். முதுகு நீண்டவருக்கு அது லாபம். கை நீண்டவருக்கு, ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவருக்கு, இன்னும் நெருக்கடி. முன்னால் தள்ளி வைக்கும் ரைசரும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

ரைசரோடு வரும் நீள போல்ட், கீழே மரைக்குள் குறைந்தது 12 மி.மீ.யாவது இறங்க வேண்டும். இரண்டு சுற்றில் நிற்கிற போல்ட்டை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பாரின் பருமனும் பொருந்த வேண்டும். பெரும்பாலான நம் வண்டிகளில் 22 மி.மீ. சில அட்வென்ச்சர் வண்டிகளில் கிளாம்ப் இருக்கும் நடுப்பகுதி மட்டும் 28.6 மி.மீ. தடிமனாக இருக்கும். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே உறுதிசெய்தது. கிளாம்ப்புக்குள் பாரைத் திருப்புவது சரிசெய்வதுதான், மாற்றம் ஆகாது. கழுத்துக்கு மேல் கை போகிற பாரை மாட்டிக்கொண்டு போலீஸிடம் "சார், எனக்கு முதுகு வலி" என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு நம்பிக்கையில்லை. நிறுவனமே தன் உதிரிப் பொருள் பட்டியலில் உயரமான பார் வைத்திருந்தால் அதை வாங்குவதே நிம்மதி.

உயரமாக ஏற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் நம் ஆட்களிடம் பலமாக இருக்கிறது. நட்டமாக உட்கார்ந்தால் உடம்பின் பாரம் மொத்தமும் வால் எலும்பில் இறங்கும், ஒவ்வொரு வேகத்தடையும் நேராக நடுமுதுகைக் குத்தும். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்சாய்ந்தால் காலும் கையும் பங்கு போட்டுக்கொள்ளும். காற்று வேறு இருக்கிறது. வேகம் 80-இலிருந்து 100-க்குப் போனால் நெஞ்சில் மோதும் காற்றின் பாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஈ.சி.ஆரில் கடல்காற்று அடிக்கும் மாலையில் நிமிர்ந்து உட்கார்ந்த நெட்டையன் ஒரு பாய்மரம். விழாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டும், தோள் வலி வேறு வழியில் திரும்பி வரும். என் கணக்கில் அதிக தூரம் ஊருக்குள் ஓட்டுகிறவர் கொஞ்சம் உயரமாகவும், நெடுஞ்சாலைக்காரர் அதைவிடச் சற்றுத் தாழ்வாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

விரல் மரத்துப்போவதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எந்த விரல் என்று பாருங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் அல்நார் நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது. நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இது வரும். பாரத்தைக் கையிலிருந்து குறைத்தால், அதாவது பார் சற்று மேலேயோ கிட்டவோ வந்தால், பெரும்பாலும் அடங்கும். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் போகும் நரம்பு. அங்கே லீவரின் சாய்வைப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் கழித்தும் மரத்தே இருந்தால் ஸ்பேனர் வேலைக்கு ஆகாது, மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக வீட்டு விவகாரம். நம்மில் பலருக்கு வண்டி தனிச் சொத்தாக இருப்பதில்லை. காலையில் நாம் ஆபீஸுக்கு, சாயங்காலம் அதே வண்டியில் அப்பா காய்கறிக்கு. அவர் ஐந்தடி நாலு அங்குலம். நாம் பாரை முன்னால் உருட்டிவிட்டுச் சொல்லாமல் போனால் அவர் கைக்கு எட்டாமல் சீட்டின் நுனியில் தொங்கிக்கொண்டு ஓட்டுவார், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், அம்மாவிடம்தான் சொல்வார். இரண்டு பேரையும் உட்கார வைத்து நடுவில் ஒரு நிலையைப் பிடியுங்கள். அது யாருக்கும் முழுத் திருப்தியாக இருக்காது. விட்டுக்கொடுப்பது யார் என்று வந்தால், நாமே இரண்டு டிகிரி விட்டுக்கொடுக்கலாம். ஒரு வாரம் கழித்து அந்த நாலு போல்ட்டையும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புதிதாக முடுக்கியது ஓட்டத்தில் கொஞ்சம் இளகியிருக்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒரு நெட்டை

பி.கு.: ஸ்கூட்டர் ஓட்டும் நெட்டையர்கள் இவ்வளவு தூரம் படித்திருந்தால் மன்னிக்கவும். உங்கள் வண்டியில் பார் தண்டோடு சேர்த்துப் பொருத்தப்பட்டு, மேலே பிளாஸ்டிக் மூடியும் போட்டு வருகிறது. உருட்ட இடமே கிடையாது. பின்னால் நகர்ந்து உட்காருவதும், சீட் கடைக்காரரிடம் ஃபோமைப் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொல்வதும்தான் உங்களுக்கு இருக்கிற வழி. யூ-டர்னில் முட்டியை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.